ராசியான இடத்தைவிட்டு எழுந்துவிட்டேன்

தம்பி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ மாப்பிள்ளை. மாப்பிள்ளையான பிறகும் பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிடலாமா என்று கேட்காதே. எங்கள் யாழ்ப்பாணத்து வாய்க்கு அதுதான் வரும். இதைக் கையில் எடுத்ததும், "ஐயோ அம்மா, தமிழிலையா? வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கலாமே" என்று முனகுவாய் என்பதும் தெரியும். முனகு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைப் பனிக்குள் இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான். எழுத்துக்கூட்டியாவது முழுவதையும் வாசித்து முடி. நேரில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்து, என் தோளில் கையைப் போட்டு, அடுத்த நிமிடம் பிரிட்ஜைத் திறந்துவிடுவாய். இது அப்படிச் சிரித்து முடிக்கிற விஷயமில்லை. உன் கல்யாண மேடையில் நான் எங்கே நிற்பேன், எதற்காக நிற்பேன் என்ற விஷயம்.

இந்தப் பேஸ்போல் பைத்தியம் வீட்டுக்குள் வந்தது உன் அப்பாவால். அகதியாக வந்து லாசாலில் பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவர் சேர்ந்தபோது, பக்கத்தில் நின்று வேலை செய்த கியூபெக்காரர்களோடு கதைக்க அவருக்கு வேறு சங்கதி கிடைக்கவில்லை. அப்போது இந்த நகரத்துக்கென்று ஒரு பெரிய அணி இருந்தது. வானொலியில் ஆட்டம் போகும்போது உன் அப்பா ஒரு பழைய நீலச் சாரத்தைத்தான் கட்டியிருப்பார். நல்ல சாரம் கட்டினால் தோற்றுவிடுவார்களாம். ஒருநாள் நான் குசினியில் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்த நேரம் பார்த்து எங்கள் ஆள் ஒருவன் பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டான். "அசையாதையும்! மூடியை வைக்காதையும்!" என்று முன்னறையிலிருந்து கத்தினார். நானும் ஒரு விசரி, அந்த இன்னிங்ஸ் முடியும்வரை மூடியும் கையுமாக நின்றேன். சோறு அடிப்பிடித்தது, ஆட்டமும் தோற்றது. சில காலத்தில் அணியே ஊரைவிட்டுப் போய்விட்டது. அன்று அவர் வாடிய முகத்தோடு வந்து, "அந்தச் சாரத்தை நீர் தோய்ச்சனீரோ?" என்று கேட்டார். பாதி பகிடி. மீதியை அவர் உண்மையாகத்தான் கேட்டார். நான் குசினிக்குள் நழுவிவிட்டேன், ஏனென்றால் தோய்த்திருந்தேன்.

அவர் நோயில் விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு, நீ அந்தப் பைத்தியத்தைக் கையில் எடுத்தாய். லாசால் பார்க்கில் விளையாடும் உங்கள் பொடியன்களின் அணியில் பந்து எறிகிறவன் ஆனாய். முதல் நாள் நான் கார்டெரியில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்து முடித்து, வேலை உடுப்போடு, தலை கலைந்தபடி நேராக அங்கே வந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் போய் இருக்கக் கூச்சம். ஆட்டம் பார்க்கிறவர்கள் இருக்கும் நீள வாங்கின் கடைசி நுனியில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். காலையிலேயே வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நீட்டினேன். அன்று நீங்கள் வென்றீர்கள். அதற்கு முன்பு அந்தக் கோடை முழுவதும் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். அவ்வளவுதான், என் தலையெழுத்து அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு நான் வேறு இடத்தில் இருக்கப் போக, தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்த அந்தக் கிழவர், முசியே ஜில், பதறி எழுந்து வந்து குப்பைத்தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். அன்றிலிருந்து நான் "மதாம் ரோல்ஸ்", அணியின் ராசிக்காரி.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? வேலைத்தலத்திலும் கடையிலும் என்னை ஏறெடுத்துப் பார்க்காத ஊரில், அந்த மைதானத்தில் மட்டும் என் தலை தெரிந்தவுடன் கைதட்டினார்கள். அங்கே எல்லோருக்கும் ஒவ்வொரு விசர். முசியே ஜில் சூரியகாந்தி விதையை இடது பக்கக் கொடுப்புப் பல்லால்தான் சப்புவார். உனக்குப் பந்து பிடிக்கிற மார்க், வென்றுகொண்டிருக்கும் காலத்தில் சப்பாத்துக்குள் காலில் போடும் மேஸைத் தோய்க்கவே மாட்டான்; அவன் பக்கத்தில் போய் ரோல்ஸ் நீட்டுவதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும். நீயோ வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் குதித்துக் கடக்கிறவன். எதிரணி உன் பந்தை ஒரு தடவைகூட அடிக்காத நாளில் உன்னோடு ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், பேசினால் எதிரணி அடுத்த பந்தை அடித்துவிடுமாம். சாமி அறையில் நான் ராகுகாலம் பார்த்தால் பகிடி பண்ணுகிற நீ, மைதானத்தில் ஐயரையும் தோற்கடிக்கிறாய்.

ஆனால் அந்த இடத்தைப் பற்றி நீ ஒன்றை யோசித்ததில்லை. மட்டை, பந்து எல்லாம் வைத்துப் பூட்டுகிற கொட்டில் ஒன்று குப்பைத்தொட்டிக்கு முன்னால் நிற்கிறது அல்லவா? அங்கிருந்து பார்த்தால் அடிக்கிறவன் தெரிவான், ஓடுகிறவன் தெரிவான். பந்து எறிகிறவன் தெரியமாட்டான். கைதட்டுச் சத்தத்தை வைத்துத்தான் நீ நன்றாக எறிந்தாயா என்று நான் தெரிந்துகொள்வேன். இத்தனை கோடைகளில், உன்னைப் பார்ப்பதற்கென்று வந்து உன்னைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். குளவி வேறு சுற்றும். ராசி என்றார்கள், இருந்தேன்.

இனி, இறுதி ஆட்டம் நடந்த அன்று காலையில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். உனக்கு இது தெரியாது. உன் பெரிய மாமி போன் எடுத்தார். அப்பாவின் அக்கா, மூத்தவர், அவர் எடுத்தால் நான் இருந்த இடத்தில் எழுந்து நின்று கதைப்பேன். கல்யாண வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் குரலைத் தணித்தார். "நான் உம்மடை நல்லதுக்குத்தான் சொல்லுறன். பொடியனுக்குப் பாலறுகு வைக்கிற நேரம் நீர் அறைக்குள்ளை இரும். மேடையிலை நானும் இவரும் தாய் தேப்பனாய் நிக்கிறம். நீர் பின்னாலை எங்கையும் ஒரு கதிரையிலை இருந்து பாரும். புருசன் இல்லாத ஆள் முன்னுக்கு நிண்டு, நாளைக்குப் பிள்ளையளுக்கு ஏதும் எண்டால் சனம் உம்மைத்தானே சொல்லும்?" என்றார். நான் "ஓம் மச்சாள்" என்றேன். போனை வைத்துவிட்டு ரோல்ஸ் பொரிக்கப் போனேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நான் ரோல்ஸைச் சுருட்டாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வீட்டு அடுப்பை அணையவிடாமல் பார்த்தவர் அவர். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, தம்பி. அடக்க முடியாத கோபம். உன்னைப் பெற்ற நான், உன் தலையில் இரண்டு அறுகம்புல்லும் கொஞ்சப் பாலும் வைத்து வாழ்த்தக்கூடாது. பெற்றவள் அறைக்குள் ஒளிய வேண்டும். கோபத்தோடு கோபமாக ஒரு விஷயம் பிடிபட்டது. மைதானத்தில் நான் ராசிக்காரி, கல்யாண வீட்டில் ராசி இல்லாதவள். இரண்டு இடத்திலும் எனக்குக் கொடுத்தது என்னவோ ஒரே மூலைதான். உன் முகம் தெரியாத மூலை. ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு அங்கே அனுப்புகிறார், மற்றவர் குரலைத் தணித்து அனுப்புகிறார்.

அன்று மத்தியானம் மைதானத்துக்கு வந்து, ரோல்ஸ் பெட்டியை முசியே ஜில்லின் மடியில் வைத்துவிட்டு, நேராக முதல் வரிசைக்குப் போனேன். அபிராமி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இதிலை இருங்கோ" என்றாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. உனக்கு வரப்போகிறவள் கெட்டிக்காரி. முசியே ஜில் விதையைச் சப்புவதை நிறுத்திவிட்டார். மார்க் முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தான். நீ வெள்ளைக் கோட்டைக் குதித்துக் கடந்து வந்து நிமிர்ந்தவன், குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். அங்கே நான் இல்லை. உன் கண் என்னைத் தேடியதை நான் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ நடுவில் நின்றவன்; நான் இருந்த இடத்தில் என்ன பாடு என்று உனக்குத் தெரியாது. எதிரணியான சென்ட்-ஆன்-த-பெல்வ்யூப் பொடியன்கள் வந்ததும் வராததுமாக உன் பந்தை வெளுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ரன்னுக்கும் எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். முசியே ஜில் குனிந்து வந்து, "மதாம், சில் வு ப்ளே..." என்று கெஞ்சி, கொட்டில் பக்கம் கையை நீட்டினார். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது, நான் பொய் சொல்லவில்லை. இறுதி ஆட்டம் என்று பார்க்க வந்திருந்த உன் பெரிய மாமியின் குரல் பின்வரிசையிலிருந்து வந்தது: "என்ன பிடிவாதம் இது? அந்தப் பிள்ளையைத் தோக்கடிச்சுப்போட்டுத்தான் எழும்புவீரோ?" கால்கள் தாமாகவே ஒரு தடவை எழும்பிவிட்டன, தம்பி. நீ தோற்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முசியே ஜில் ஒரு குளிர்காலம் கவலைப்பட்டுவிட்டு மறந்துவிடுவார். உன் மாமி மறக்கமாட்டார். "தாய் முன்னுக்குப் போய் இருந்தா, பொடியன் தோத்தான்" என்று கதை வீடு வீடாகப் போகும். அதற்குப் பிறகு கல்யாண நாளில் என்னை ஒருவரும் அறைக்குள் போகச் சொல்லத் தேவையில்லை, நானே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்த நேரம்தான் உன் முகத்தைப் பார்த்தேன். எறிவதற்கு முன் கீழ் உதட்டைக் கடித்து, மூக்கால் ஒரு மூச்சு விடுகிறாய். சின்னவனாக இருந்தபோது சப்பாத்துக் கயிறு கட்டப் பழகிய நாட்களில் அதே மாதிரித்தான் செய்வாய். இவ்வளவு காலம் நான் கைதட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். "ஏலாது முசியே, நான் இங்கைதான்" என்று தமிழிலேயே சொன்னேன். பேந்து, பாவம் என்று, "மெர்சி" என்று நன்றியும் சொன்னேன். கால்களை நன்றாக ஊன்றி இருந்தேன்.

பிறகு நீ எறிந்தாயே, அதுதான் எறிதல்! ஒவ்வொருவனாக வந்தான், காற்றைச் சுழற்றிவிட்டுத் திரும்பினான். உங்கள் கடைசி இன்னிங்ஸில், நீங்கள் ஒரு ரன் பின்னுக்கு நிற்க, மார்க் அந்த நாற்றமடிக்கிற மேஸோடு வந்து மட்டையை ஒரு வீசு வீசினான் பார், பந்து வேலியோரம் போய் விழ, ஓடி வந்த இரண்டு பொடியன்களும் கடைசிக் கட்டத்தை மிதித்து இரண்டு ரன் சேர்த்துவிட்டார்கள். இப்போது நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னுக்கு. அன்று கடைசியாக அடிக்கிற முறை அவர்களுடையது. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் விழுந்தால் முடிந்தது; ஆனால் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள், அடிக்க வந்தவன் கதவு மாதிரி அகலம். வாங்கு முழுவதும் மூச்சு விடவில்லை. அபிராமியின் நகம் என் கையில் பதிந்திருந்தது. நீ உதட்டைக் கடித்தாய், மூச்சு விட்டாய், எறிந்தாய். அவன் வீசினான். பந்து மார்க்கின் கையுறைக்குள் போய் அடங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நடுவர் கையை உயர்த்தும் முன்பே நான் எழுந்து நின்று கூவினேன். நாற்பது வயதுக்குப் பிறகு அப்படி ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்தார். பார்க்கட்டும். என் பிள்ளை வென்றான், நான் கண்ணால் கண்டேன்.

முசியே ஜில் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, நான் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். இனி என் இடம் அதுவாம். இந்த மனுஷருக்கு ராசி மாறுவதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நீயும் வேர்வையோடு வந்து என்னைத் தூக்கிச் சுற்றி, "அம்மா, இனி நீங்கள் முன்னுக்குத்தான் இருக்கோணும். அதுதான் ராசி" என்றாய். அன்று நானும் சிரித்தேன். சந்தோஷத்தில் எதைச் சொன்னாலும் சிரிப்பேன்.

போன கிழமை சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பெரிய மாமி கல்யாணப் பேச்சை எடுத்தபோதுதான், நான் பின்னால் இருக்க வேண்டும் என்ற சங்கதி உனக்குத் தெரியவந்தது. நீ உடனே எனக்காக வாதாடினாய். "மாமி, அம்மா முன்னுக்கு இருந்தபடியால்தான் நாங்கள் வெண்டனாங்கள். அம்மா ராசி. மேடையிலையும் நிக்கட்டும்" என்றாய். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அண்டைக்கு நானும் கண்டனான்தானே" என்று தலையாட்டிவிட்டார். எல்லோரும் தேத்தண்ணி குடித்தீர்கள். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை.

தம்பி, நீ பாசத்தோடு செய்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ எனக்கு வாங்கிக் கொடுத்தது அடுத்த தோல்விவரைக்கும்தான் செல்லுபடியாகும். ராசிக்காரி என்று மேடையில் ஏற்றினால், நாளைக்கு அபிராமிக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், உன் வேலைக்கு ஒரு இடைஞ்சல் வந்தாலும், அதே ராசியைச் சொல்லி இறக்கிவிடலாம். அந்த அகலமான பொடியன் அன்று பந்தை அடித்திருந்தால் நான் உன் தாயில்லை என்று ஆகியிருக்குமா? உன் அப்பா எத்தனை தரம் அந்தச் சாரத்தைக் கட்டினார், அணி நின்றதா? நான் எத்தனை விரதம் பிடித்தேன், அவர் நின்றாரா? அவர் போனது என் ராசியால் இல்லை, நீ வென்றதும் என் ராசியால் இல்லை. நீ வென்றது உன் கையால். அந்த வெற்றியில் ஒரு துண்டுகூட எனக்கு வேண்டாம், முழுவதையும் நீயே வைத்துக்கொள்.

அதனால் நேற்று நானே பஸ் பிடித்து உன் பெரிய மாமி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை நிற்கவில்லை, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "மச்சாள், நான் மேடையிலை நிப்பன். பாலறுகும் நான்தான் முதல் வைப்பன். ராசி எண்டு இல்லை. அவன் தோத்திருந்தாலும் நிண்டிருப்பன். நான் பெத்த பிள்ளை" என்றேன். "சனம் என்ன சொல்லும்?" என்றார். "சனம் சாப்பிட்டிட்டுப் போகும்" என்றேன். உள்ளே அறையில் மாமா இருமிக்கொண்டிருந்தார்; போன வருடம் நெஞ்சைத் திறந்து தைத்த மனுஷர். அந்த இருமல் அடங்கும்வரை உன் மாமி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "அவருக்கு ஏதும் எண்டால்... என்ரை பேத்தியின்ரை கலியாணத்திலை நானும் பின்னுக்கோ?"

என் கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. "இல்லை மச்சாள். நான் ஒருத்தி நிண்டிட்டால் பேந்து ஒருத்தரையும் பின்னுக்குப் போகச் சொல்லேலாது" என்றேன். அவர் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலுமாரியைத் திறந்தார். "அப்ப வெள்ளையும் சாம்பலுமாய் வந்து நிண்டிராதையும். பொம்பிளை கூறையோடை நிக்கேக்கை பக்கத்திலை எடுப்பாய் இருக்கோணும்" என்று தன் அரக்குப் பட்டுச் சீலையை எடுத்து என் மடியில் போட்டார். மாமாவும் அவரும் எனக்கு இரண்டு பக்கமும் நிற்பார்களாம். முதல் பாலறுகு என் கையால்தான் என்று ஐயருக்கும் அவரே போன் எடுத்துச் சொல்லிவிட்டார், அதுவும் என் முன்னாலேயே, கட்டளை போடுகிற அதே குரலில்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். இனி நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் உங்களுக்கென்று ஒரு வீடு. வெள்ளைக் கோட்டைக் குதித்துக் கடக்கிறாயா, கட. மார்க்கின் தோய்க்காத மேஸைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் விசருக்கு உன் காலையும் தொப்பியையும் எவ்வளவு வேண்டுமானாலும் வருத்து. இன்னொரு ஆளை மட்டும் அதற்காக எங்கேயும் இருத்தி வைக்காதே, நல்ல ராசி என்று கொஞ்சியும் இருத்தாதே. அபிராமி வந்த நேரம் நல்லது நடந்தது என்று ஒருநாள் நீ சொன்னால், கெட்டது நடக்கிற நாளில் அவள் எங்கே போய் நிற்பாள்? அவள் உன்னோடு இருக்க வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யலாம். மேளக்காரர் பிந்தி வரலாம், மைக் வேலை செய்யாமல் போகலாம். என்ன நடந்தாலும் மேடையில் அரக்குப் பட்டோடு நான் நிற்பேன். தாலி கட்டும்போது உன் கை நடுங்கும், எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கும் நடுங்கியது. அதைச் சகுனம் என்று எவரும் சொல்ல வந்தால் நீ திரும்பிப் பார்க்காதே. அது வெறும் பயம். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டு. நான் உனக்கு நேர் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சிரிப்பேன்.

அம்மா